பெரிய தட்டுன்னா முப்பத்து மூணு

பசுபதி பாதிப் பாட்டுல எந்திரிச்சுப் போயிட்டான். ஆறு வாரமாச்சு. இன்னும் வரல. அதுக்குத்தான் இந்த அலைச்சல் எல்லாம்.

நீதானே சுபாஷினி? போன்ல அந்தப் பேருதான் காட்டுச்சு. சரி, ஓட்டு. கோத்தா கோலா மூடா. மீன் பசாருக்குப் பின்னால ஒரு வீடு. பன்னெண்டு மணிக்குள்ள போயாகணும். ஆனா குலுங்கக் கூடாது. மடியில இருக்குறது ரிக்கார்டு. இசைத்தட்டு... இல்ல, பின் சீட்டுல வைக்க மாட்டேன். கைப்பிள்ளையப் பின்னால தூக்கிப் போட்டுட்டு முன்னால உக்காருவாங்களா? மடியிலதான் இருக்கும்.

அந்த ரேடியோவ அணைச்சிடும்மா. பாட்டு பிடிக்காமச் சொல்லல. உன் வலது பக்கக் கதவுல இருக்குற ஸ்பீக்கர் கிழிஞ்சிருக்கு. கேக்கலையா? அடி விழும்போதெல்லாம் ப்ர்ர்ர்னு ஒரு சத்தம், டப்பாவுக்குள்ள ஈ மாட்டிக்கிட்ட மாதிரி. எத்தன நாளா இப்பிடி ஓட்டுற? ரெண்டு வருசமா? ரெண்டு வருசமா அந்த ஈயோட குடும்பம் நடத்துற. பிரமாதம்.

எனக்கு இதெல்லாம் உடனே கேட்டுரும். யாரும் ஏமாத்த முடியாத காது. அதான் நான் பட்ட பாடு. சொல்றேன், நீ ரோட்டப் பாரு.

நாங்க ஒரு கூட்டம் வச்சிருக்கோம். பாக்கார் ஆராங்குல, கடை வரிசைக்கு மேல ஒரு ரூம்பு. நீ இப்ப என்னை ஏத்துனியே, அதே படிக்கட்டுதான். கெடாவுல வெள்ளிக்கிழமைதானே லீவு, அதனால வெள்ளிக்கிழமை பத்துல இருந்து பன்னெண்டு. அஞ்சு பேரு. எல்லாம் வேலையில இருந்து இறங்குன கிழடுங்க, பசுபதியத் தவிர. காளிதாசன்னு ஒருத்தன், வால்வு வச்ச ஆம்ப்ளிஃபயர் அவனோடது. அது சூடானா மேல வச்சு மீ கோரெங் பிரட்டலாம். ஸ்பீக்கரும் அவனோடதுதான். பசுபதி ஒருத்தன். இன்னும் ரெண்டு பேரு தூங்க வர்றானுங்க, அவனுங்கள விடு. நான் ராமையா. தட்டு சுத்துற மெசின் என்னோடது. சட்டதிட்டமும் என்னோடது.

சட்டம் மூணுதான். பாட்டு ஓடும்போது பேசக் கூடாது. பாட்டு ஓடும்போது எந்திரிக்கக் கூடாது. பாட்டு முடிஞ்சதும் நல்லாருக்குன்னு சும்மா சொல்லக் கூடாது. ஏன் நல்லாருக்குன்னு சொல்லணும். முடியாதுன்னா வாய மூடிக்கிட்டு வடை திங்கணும். பிரேம் போட்டு மாட்டியிருக்கேன்.

அந்தா, சிவப்பு விழப் போகுது. மெதுவா... மெதுவா. ம்ம்.

என்னா பாட்டா? நம்ம பாட்டு இல்லம்மா. அத வீட்டுல கேட்டுக்கலாம், அதுக்கு எதுக்கு ரூம்பு? இது வெளியூருப் பாட்டு. உலகத்துல பதினோரு ஊருல எங்கள மாதிரியே கிறுக்கனுங்க இருக்கானுங்க. பின்லாந்துல ஒரு பல் டாக்டரு. போர்த்துக்கல்ல ஒரு புருசன் பொண்டாட்டி. சிலியில ஒரு பஸ் டிரைவரு. வருசத்துக்கு ஒரு தடவ அவங்கவங்க ஊருல பிடிச்ச தட்டா மத்த ஊருக்கெல்லாம் ஒண்ணொண்ணு அனுப்பணும். அதுல ஒரு நிபந்தனை. என்னா பாட்டு, யாரு பாடுனது, எதுக்குப் பாடுறாங்க, ஒண்ணும் எழுதக் கூடாது. வாங்குனவன் கேட்டுட்டு, காதுல என்னா விழுந்துச்சோ அத எழுதி அனுப்பணும். அதுக்கப்புறம்தான் அனுப்புனவன் வாயத் திறப்பான்.

நாங்க கெட்டிக்காரனுங்க. போர்த்துக்கல் தட்டக் கேட்டுட்டு, இது கடலுக்குப் போனவனுக்காகக் கரையில நிக்கிறவ பாட்டுன்னு பசுபதி சொன்னான். அப்பிடியேதான் இருந்துச்சு. மங்கோலியா தட்டக் கேட்டுட்டு, இது ஒரே ஆளு, ரெண்டு குரல்ல பாடுறான்னு நான் சொன்னேன். யாரும் நம்பல. அதுவும் சரியா இருந்துச்சு. நாங்க அனுப்புனதா? உறுமி மேளம். பின்லாந்து டாக்டரு எழுதுனாரு, பாட்டப் போட்டதும் அவரு நாய் கட்டிலுக்கு அடியில போயிருச்சாம், அவரும் போகலாமான்னு யோசிச்சாராம். மனுசனுக்கு விஷயம் புரிஞ்சிருக்கு.

அரசாங்க ஆபிஸ்ல முப்பத்து நாலு வருசம் ஃபைலுக்கு நம்பர் போட்டவன் நான். வந்த தட்டுக்கெல்லாம் நான்தான் நம்பர். சிவப்பு ஸ்டிக்கர், வட்டமா. தட்டுக்கு நடுவுல பேரு எழுதுன காகிதம் ஒட்டியிருக்கும்ல, அதுல வலது பக்கம். எல்லாத் தட்டுக்கும் ஒரே இடம், இம்மி பிசகாது. காளிதாசன் கிண்டல் பண்ணுவான், என் பொண்டாட்டி நெத்தியில இருக்குறது பொட்டு இல்ல, நம்பருன்னு. பண்ணட்டும். அவன் வீட்டுல எது எங்க இருக்குன்னு அவனுக்கே தெரியாது.

அந்த லோரிக்குப் பின்னால ஏம்மா ஒட்டிக்கிட்டுப் போற? புகை. தட்டுல படியும்.

எல்லாம் ஒழுங்கா போயிக்கிட்டிருந்துச்சு. ஒரே ஒரு தொல்லைதான். கீழ ஒரு தையல் கடை. மருதம்மான்னு ஒரு பொம்பள. வெள்ளிக்கிழமையும் தைக்கும். மெசினு ஓடுனா எங்க தரை அதிரும், தட்டு மேல ஊசி துள்ளும். இறங்கிப் போயி, பத்துல இருந்து பன்னெண்டு நிறுத்தி வைம்மான்னேன். பள்ளிக்கூடம் திறக்கப் போகுது, முப்பது பினஃபோர் கிடக்கு, நீங்க வந்து தைக்கிறீங்களாண்ணேன்னு கேக்குது. மூஞ்சிக்கு நேரா. கடைசியில பேசி முடிச்சோம். பாட்டு ஓடும்போது மட்டும் நிறுத்தும். நான் மேல இருந்து காலால தரையில ரெண்டு மிதி மிதிப்பேன், நிறுத்தணும். பாட்டு முடிஞ்சா ஒரு மிதி, ஓட்டலாம். பாட்டு ஓடுற அஞ்சு நிமிசமும் அந்தம்மா கீழ கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கும். என்னா செய்யுமோ. எனக்கென்னா.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். எட்டு மாசத்துக்கு முன்னால எத்தியோப்பியாவுல இருந்து ஒரு தட்டு வந்துச்சு. இதான், மடியில இருக்குறது. அனுப்புனவரு பேரு தெஸ்ஃபாயே, பள்ளிக்கூட வாத்தியாரு. பெரிய தட்டு. எழுத்தெல்லாம் அவங்க எழுத்து. ஒவ்வொரு எழுத்துக்கும் காலு இருக்கு, வரிசையா எங்கயோ நடந்து போற மாதிரி. நமக்கு ஒண்ணும் புரியாது. நம்பர் அறுபத்தேழு. ஸ்டிக்கர் ஒட்டுனேன். தரையில ரெண்டு மிதி. பெரிய தட்டுன்னா நிமிசத்துக்கு முப்பத்து மூணு சுத்து, சின்ன தட்டுன்னா நாப்பத்தஞ்சு. அம்பது வருசமா இந்தக் கைக்குத் தெரியும். பாக்க வேண்டியதே இல்ல. ஊசிய வச்சேன்.

என்னா சொல்றது. ஒரு பெரியவரு பாடுறாரும்மா. கிணத்து அடியில இருந்து வர்ற குரல். ஒவ்வொரு வார்த்தையையும் தூக்க முடியாமத் தூக்கி வைக்கிறாரு. பின்னால மேளம், அது பாட்டுக்கு, பிணத்துக்குப் பின்னால நடக்குற நடை. ஒத்த நரம்பு வாத்தியம் ஒண்ணு, இழுத்து இழுத்து அழுவுது. பாட்டு முடிஞ்சுது. யாரும் வடையத் தொடல. தூங்குறவனுங்க ரெண்டு பேரும் முழிச்சுக்கிட்டானுங்க. காளிதாசன் கண்ணத் துடைச்சுக்கிட்டு, நான் செத்தா இதத்தான் போடணும்னான். எழுதி வாங்கி ஃபைல்ல வச்சிட்டேன். பேச்சு மாறுவான்.

பசுபதி மட்டும் தலையச் சாய்ச்சுக்கிட்டே உக்காந்திருந்தான். என்னமோ இழுக்குதுடா, அவ்வளவுதான் சொன்னான். துக்கம்னா இழுக்கத்தான்டா செய்யும்னேன்.

நான் கடிதாசி எழுதுனேன். ஏழு பக்கம். மகனப் பறிகொடுத்த ஒரு அப்பன், பாலைவனத்துல நின்னு பாடுறாரு, மேளம் அவரு நெஞ்சுத் துடிப்பு, அப்பிடி இப்பிடின்னு. நல்லா வந்திருந்துச்சு. படிச்சுக் காட்டும்போது நானே ரெண்டு தடவ நிறுத்தித் தண்ணி குடிச்சேன். ரெண்டு மாசத்துல வாத்தியாரு பதில் போட்டாரு. உங்க கடிதாசிய வீட்டுல எல்லாருக்கும் படிச்சுக் காட்டுனேன், உங்க மனசு பெருசு, இந்தப் பாட்ட என் தங்கச்சி கல்யாணத்துல நாலு தடவ போட்டாங்க, அவ்வளவுதான்.

சிரிக்காத. ரோட்டப் பாரு.

நான் அதுக்கும் விளக்கம் சொன்னேன். பொண்ணு பொறந்த வீட்ட விட்டுப் போறா, அப்பன் அழுவுறான், எல்லா ஊருலயும் நடக்குறதுதானேன்னு. காளிதாசன் மறுபடியும் கண்ணத் துடைச்சான். பசுபதி கேட்டான், நாலு தடவயாடா அழுவாங்கன்னு. கல்யாணப் பாட்டுன்னா ஆடணுமேடா, இதுக்கு எவன்டா ஆடுவான், தட்டுல என்னமோ கோளாறு, பாருடான்னான். என் மெசினுல கோளாறா? போன மாசம்தான் பெல்ட்டு மாத்துனேன். எனக்குப் பொசுக்குன்னு வந்துருச்சு. ஆனா அன்னிக்கு அடக்கிக்கிட்டேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் முடிக்கும்போது அதே பாட்டத்தான் போட்டேன். வேணும்னே.

இந்தப் பக்கம் திரும்பணும்ல? திக்காம் பத்து வழியாதானே? சரி. வெயில் அடிக்குது, அந்தத் தடுப்ப இறக்கு. எனக்கில்ல, தட்டுக்கு. சூடு பட்டா அப்பளம் மாதிரி நெளிஞ்சிரும்.

பசுபதி யாருன்னு சொல்லணும் உனக்கு, இல்லாட்டி புரியாது. அங்க மீன் பசாருல எப்பிடி ஏலம் விடுறாங்கன்னு பாத்திருக்கியா? பாத்ததில்லயா? சுங்கைப் பட்டாணியில இருந்துக்கிட்டு பாத்ததில்ல. எல்லா ஊருலயும் கத்துவாங்க. இங்க குசுகுசுன்னு சொல்லணும். படகு வந்து மீன் கூடை இறங்குச்சுன்னா, வாங்குறவன் ஒவ்வொருத்தனா வந்து, விக்கிறவன் காதுல தன் விலைய மெதுவாச் சொல்லுவான். பக்கத்துல நிக்கிறவனுக்குக் கேக்காது. எவன் விலை ஒசத்தியோ அவனுக்கு மீனு. பசுபதி மூணு படகுக்கு நின்னு வித்துக் குடுக்குறவன். முப்பது வருசமா அவன் காதுலதான் ஊரே விலை சொல்லுச்சு. மழை கொட்டும், மோட்டார் ஓடும், காக்கா கத்தும். ஒரு விலையும் தப்பா விழுந்ததில்ல. காதால பொழைச்ச மனுசன். அதனாலதான் எங்க கூட்டத்துக்கே வந்தான். தகரமும் கூச்சலும் கேட்டுக் கேட்டு, வெள்ளிக்கிழமை ரெண்டு மணி நேரம் காதக் கழுவிக்கணும்பான்.

அவன் வீட்டுலயும் ஒரு செட்டு இருக்கு. பழைய படகு ஒண்ண உடைச்சப்ப, அந்தப் பலகைய வாங்கி அவனே ஸ்பீக்கர் பெட்டி செஞ்சான். ரெண்டு பேரு சேந்துதான் தூக்க முடியும். கிட்ட போனா இன்னும் உப்பு வாசம் அடிக்கும். அந்தப் பெட்டியில ஒரு பொம்பள பாடுனா, ரூம்புல வந்து நிப்பா.

இந்த வருசம் தொடக்கத்துல அவன் டாக்டரப் பாத்துட்டு வந்தான். வலது காது கொஞ்சம் மந்தமாம். கொஞ்சம்தான். எங்கிட்ட மட்டும்தான் சொன்னான். படியில உக்காந்துக்கிட்டு, செருப்ப மாட்டிக்கிட்டே சொன்னான். வெளிய தெரிஞ்சா பசாருல எவனும் எங்கிட்ட வர மாட்டான்டா, இனி இடது காதக் குடுத்து சமாளிச்சுக்குறேன்னான். சரின்னேன்.

ஏசி கொஞ்சம் குறைச்சு வைம்மா. ம்.

ஆறு வாரத்துக்கு முன்னால, கடைசிப் பாட்டு. நம்பர் அறுபத்தேழு. பாதி ஓடுச்சு. பசுபதி பேசிட்டான். சட்டத்த மீறி, பாட்டு ஓடும்போதே. ராமையா, இது மெதுவா ஓடுதுடான்னான். எல்லாரும் கண்ண மூடிக்கிட்டு உருகிக்கிட்டு இருக்கோம், இவன் இப்பிடிச் சொல்றான். நான் ஊசியத் தூக்கல. உக்காந்த இடத்துல இருந்தே சொன்னேன்.

"வலது காது செத்துப்போச்சுன்னு டாக்டரே சொல்லியாச்சு. செத்த காத வச்சுக்கிட்டு எனக்குப் பாட்டு சொல்லித் தராத."

ஆமா. சொன்னேன்.

பசுபதி எந்திரிச்சான். பெரியவரு இன்னும் பாடிக்கிட்டுத்தான் இருந்தாரு. கீழ படியில செருப்பு சத்தம் கேட்டுச்சு. மோட்டோ ஸ்டார்ட் பண்ற சத்தம் கேட்டுச்சு. எனக்குத்தான் எல்லாம் கேக்குமே.

காளிதாசன் வாய் சும்மா இருக்குமா? அடுத்த புதன்கிழமைக்குள்ள பசாருக்குத் தெரிஞ்சுபோச்சு. சில பயலுங்க கிண்டலுக்கு, அவன் காதுகிட்ட வந்து விலையக் கத்துனானுங்களாம். நினைச்சுப் பாரு. குசுகுசுன்னு சொல்ற பசாருல, ஒருத்தன்கிட்ட மட்டும் கத்துறது. ரெண்டு நாளு நின்னான். மூணாவது நாளு போகல. இன்னி வரைக்கும் போகல. போன் பண்ணா எடுக்கல. எனக்கு என்னா, கோவம் இருக்குறவன் இருந்துட்டுப் போறான்னு விட்டேன். தப்பு அவன் மேலதானே, பாட்டு பாதியில எவனாவது பேசுவானா?

அப்பிடித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். நேத்து வரைக்கும்.

இன்னிக்குக் காலையில காளிதாசன் போன் பண்றான். பசுபதி எல்லாத்தையும் கோயிலுக்குக் குடுக்குறானாம். படகுப் பலகை ஸ்பீக்கரு, ஆம்ப்ளிஃபயரு, அலமாரி தட்டு மொத்தமும். பன்னெண்டு மணிக்கு லோரி வருதாம். எனக்கு இப்ப எல்லாப் பாட்டும் இழுக்குற மாதிரியே கேக்குது, காது போயிருச்சு, வச்சு என்னா செய்யன்னானாம். அந்த ஸ்பீக்கர்ல இனி என்னா வரும் தெரியுமா? வெள்ளைக் காடி நிறுத்துனவங்க தயவு செஞ்சு தள்ளி நிறுத்தவும்னு வரும். அதுக்காடா படக உடைச்ச?

இன்னும் எவ்வளவு தூரம்? பத்து நிமிசமா? கொஞ்சம் அழுத்து. வயக்காட்டு ரோடுதானே, எவன் குறுக்க வரப் போறான். குலுங்காம அழுத்து.

நேத்து என்னா நடந்துச்சா? சொல்றேன். சொல்லித்தானே ஆகணும். நேத்து வெள்ளிக்கிழமை. நானும் காளிதாசனும்தான் வந்தோம். அவனும் பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல்னு பதினோரு மணிக்குப் போயிட்டான். நான் தனியா. அறுபத்தேழப் போட்டேன். கண்ண மூடிக்கிட்டு உக்காந்தேன். அப்ப ஒரு ஆளு உள்ள வந்தாங்க. ஸ்பீக்கருக்கு முன்னால போடுற துணி கிழிஞ்சிருந்துச்சு, புதுசு தைச்சுக் கொண்டாந்தாங்க. யாரா? ஒரு ஆளு. துணி கொண்டு வர ஊருல ஆளா இல்ல? ஓட்டு நீ.

வந்து நின்னு கேட்டாங்க. ஒரு நிமிசம்கூட இருக்காது. "அண்ணே, பெல்ட்டு தொங்குது"ன்னாங்க. பேசக் கூடாதுன்னு சுவத்துல எழுதியிருக்கு பாருன்னேன். பாத்தாங்க. பாத்துட்டு மறுபடியும் பேசுறாங்க. மெசினுல பெல்ட்டு தொங்குனா இப்பிடித்தாண்ணே சத்தம் இழுக்கும், எட்டு மாசமா கீழ உக்காந்து கேக்குறேன், நீங்க பெரியவங்க, தெரிஞ்சுதான் போடுறீங்கன்னு இருந்துட்டேன். பெல்ட்டு புதுசுன்னேன். அப்ப ஓட்டம் தப்புண்ணேன்னாங்க. பெரிய தட்டுன்னா முப்பத்து மூணுன்னேன். யாரு சொன்னாங்கன்னாங்க. தட்டுலயே போட்டிருக்கும்னேன். எங்கண்ணே போட்டிருக்குன்னாங்க.

நான் தட்ட நிறுத்துனேன். தேடுனேன். ஒரே காலு முளைச்ச எழுத்து. நம்பரே இல்ல. என் நம்பருதான் இருந்துச்சு. சிவப்பா, வட்டமா, வலது பக்கம்.

அந்த ஆளு சட்டைப் பையில இருந்து, தையல் பிரிக்கிற கொக்கி இருக்கும்ல, அத எடுத்தாங்க. ஸ்டிக்கரு ஓரத்துல விட்டு, காகிதம் கிழியாம, பூ மாதிரி உரிச்சாங்க. அடியில இருந்துச்சு. நாப்பத்தஞ்சு. நல்லா கொட்டை எழுத்துல. அவங்க எழுத்துல இல்லம்மா, எல்லாருக்கும் தெரிஞ்ச எண்ணுதான். நாலு. அஞ்சு.

சிரி. சிரிச்சு முடி. அப்புறம் சொல்றேன்.

பெரிய தட்டுலயும் நாப்பத்தஞ்சு போடுவாங்க. எனக்குத் தெரியும். தெரியாமலா அம்பது வருசம்? சத்தம் நல்லாருக்கணும்னு அப்பிடிப் போடுறவன் இருக்கான். ஆனா ஒட்டும்போது நான் பாக்கல. நம்பர் போடுற அவசரம்.

குமிழ நாப்பத்தஞ்சுக்குத் திருப்பி மறுபடியும் ஊசிய வச்சேன். கேளும்மா. பெரியவரே கிடையாது. ஒரு பொண்ணு. இருபது வயசு இருக்குமோ என்னமோ, சிரிச்சுக்கிட்டே பாடுறா. மேளம் குதிக்குது. கைதட்டு கேக்குது, எட்டு மாசமா அந்தக் கைதட்ட நான் சாட்டையடின்னு எழுதி வச்சிருக்கேன் கடிதாசியில. நரம்பு வாத்தியம் அழுவல, துள்ளுது. அந்த ஊருல தோளக் குலுக்கித்தான் ஆடுவாங்களாம். அது ஒண்ணும் தெரியாமயே அந்த ஆளுக்குத் தோளு ரெண்டும் தானா ஆடுது, கையில ஸ்பீக்கர் துணிய வச்சுக்கிட்டு. நான் ஆடல. நாற்காலியப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். பாட்டு முடிஞ்சுது. அந்த ஆளு ஒண்ணுதான் கேட்டாங்க. "பசுபதி அண்ணன்கிட்ட யாருண்ணே சொல்றது?"

காளிதாசன்கிட்ட இன்னும் சொல்லல. அவன் சாவுக்கு எல்லாரும் ஆடப் போறோம், எழுதிக் குடுத்திருக்கான், இருக்கட்டும். வாத்தியாருக்கு எழுதணும். ஏழு பக்கம் எழுதுனதுக்கு எத்தன பக்கம் மன்னிப்பு எழுதுறதுன்னு தெரியல.

இப்ப பசுபதிகிட்ட என்னா சொல்றதுன்னு யோசிச்சு வச்சிருக்கேன். டேய், ராத்திரியெல்லாம் உக்காந்து ஆராஞ்சேன், ஸ்டிக்கருக்கு அடியில பாக்கணும்னு எனக்குத் தோணுச்சு, நானே கண்டுபிடிச்சேன். இப்பிடி. தப்பு என்னோடதுன்னு ஒத்துக்குறேன்ல, கண்டுபிடிச்சதாவது என் பேருல இருக்கட்டும். மானம்னு ஒண்ணு இருக்கு. எதுக்குக் கண்ணாடியில என்னை அப்பிடிப் பாக்குற? யாரு உரிச்சாங்கன்னா என்னா? முக்கியம் தட்டு. ஓட்டு.

வந்தாச்சு போல. உப்புக் கருவாட்டு வாசம் அடிக்குது. இடது பக்கம். அந்த நீலக் கேட்டு. லோரி நிக்குதே. ஒரு ஸ்பீக்கர ஏத்திட்டானுங்க. நிறுத்து... இல்ல, நிறுத்தாத. நேராப் போ. ஒரு சுத்து சுத்தி வா. தட்டத் துடைக்கணும். நேராப் போன்னு சொன்னா ஏம்மா நிறுத்துற? ஹார்ன எதுக்கு அடிக்கிற?

திரும்பிட்டான்.

லோரி மோட்டாரு ஓடுது, உன் ஹார்னு எவ்வளவு, கொசு மாதிரி. அதுக்கே திரும்பிட்டான் பாத்தியா. கண்ணாடிய இறக்கு.

என்னாடா பாக்குற? நான்தான். லோரிக்காரன நிக்கச் சொல்லு. அந்தப் பெட்டிய இறக்கச் சொல்லு முதல்ல. இது என்னான்னு தெரியுதா? அறுபத்தேழு. நம்பர் இல்லல்ல? உரிச்சாச்சு. அடியில பாரு. கிட்ட வச்சுப் பாரு. நாப்பத்தஞ்சு போட்டிருக்கு. என் ஸ்டிக்கர ஒட்டி நானே மறைச்சிருக்கேன். எட்டு மாசம்டா. அஞ்சு பேரு உக்காந்திருந்தோம், பத்து காது. உன் ஒருத்தனுக்குத்தான் கேட்டுச்சு. மந்தமான காதோட கேட்டுச்சு. நான்தான் செவிடன். டாக்டருகிட்ட நான் போறேன்.

அன்னிக்குச் சொன்னது... அது... சொல்லியிருக்கக் கூடாது. படியில உக்காந்து நீ சொன்னத நான் அங்க சொல்லியிருக்கக் கூடாது. நாளைக்குப் பசாருக்கு நானும் வர்றேன். உன் பக்கத்துல நிக்கிறேன். எவனாவது கத்தட்டும், பாக்குறேன்.

நிழலுக்கு வாடா. வெயில்ல நிக்கிற.

என்னா? யாரு கண்டுபிடிச்சதா?

நான்... ராத்திரியெல்லாம் உக்காந்து...

சுபாஷினி, நீ அங்கிட்டுப் பாரும்மா.

டேய், கிட்ட வா. குனி. காதக் குடு. அது இல்ல, வலது காது. உங்க பசாருல சொல்ற மாதிரியே சொல்றேன்.

கேட்டுச்சா?

கேக்கலையா? பொய் சொல்லாதடா, மீசை துடிக்குது. கேட்டுருச்சு உனக்கு. சத்தமாச் சொல்லணுமா? லோரிக்காரன் முன்னாலயா? சொன்னாத்தான் பெட்டிய இறக்குவியா?

சரிலா.

மருதம்மா.